ஃபேர்னஸ் டாக்ட்ரின்: நேர்மையா, நடுநிலையா?

அமெரிக்கப் பேச்சு வானொலியில் அரசு எவ்வளவு தலையிடலாம் என்ற விவாதம் எழுந்தால் ‘ஃபேர்னஸ் டாக்ட்ரின்’ என்ற தொடர் உடனே வந்துவிடும். தமிழில் ‘நேர்மைக் கோட்பாடு’ என்றோ ‘நடுநிலைக் கோட்பாடு’ என்றோ சொல்லத் தோன்றும். இரண்டும் பொருந்தாது.

அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் (எஃப்சிசி) உரிமம் பெற்ற வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள்மீது சுமத்திய இரட்டைக் கடமை இது. சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளை நிலையம் பேசியே ஆக வேண்டும். பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். அலைவரிசைகள் கொஞ்சம், கேட்கிறவர்கள் ஏராளம், அதனால் உரிமம் பெற்றவர் பொதுச்சொத்தைப் பாதுகாப்பவர் மட்டுமே என்பது இதன் அடிப்படை.

நடுநிலை கேட்ட விதி இதற்கு முன்பே இருந்தது. 1941இல் மேஃபிளவர் வழக்கில் ஒலிபரப்பாளர் எந்தத் தரப்புக்கும் வக்காலத்து வாங்கக் கூடாது என்று எஃப்சிசி சொன்னது. இந்தக் கோட்பாட்டைக் கொண்டுவந்த எஃப்சிசியின் 1949 அறிக்கை அதைத் தளர்த்தியது: நிலையம் தன் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் எதிர்த்தரப்பின் வாயைக் கட்டக் கூடாது. நடுநிலையைக் கைவிட்ட இடத்தில் பிறந்த ஒன்றுக்கு நடுநிலை என்றே பெயர் சூட்டுவது வேடிக்கைதான்.

‘நேர்மை’ இன்று வாய்மை, கைச்சுத்தம் என்ற பொருளில் வழங்குகிறது. நிலையம் பொய் சொன்னதா என்பது இங்கே கேள்வியே இல்லை. ‘ஃபேர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழம்பொருள் அழகு; ஓரம் சாயாமை என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. தமிழில் அழகையும் நடுவையும் ஒருசேரச் சுட்டும் ‘செம்மை’ இதற்கு வெகு நெருக்கம். ஆனால் ‘செம்மைக் கோட்பாடு’ என்றால் இன்றைய வாசகருக்கு எதுவும் விளங்காது.

என் தேர்வு ‘நியாய வாய்ப்பு நெறி’. ஏன் என்பதை ரெட் லயன் வழக்கு காட்டும். 1964 நவம்பரில், பென்சில்வேனியாவின் ரெட் லயன் ஊர் நிலையத்தில் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற பாதிரியார், ஃபிரெட் குக் என்ற பத்திரிகையாளரைத் தாக்கிப் பேசினார். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் நின்ற கோல்ட்வாட்டரைக் கண்டித்துக் குக் நூல் எழுதியிருந்தார். பதில் சொல்லக் காசில்லாமல் நேரம் வேண்டும் என்று அவர் கேட்க, நிலையம் மறுத்தது. 1969இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் குக் பக்கம் நின்றது. ஒலிபரப்புவோரின் உரிமையைவிடக் கேட்போரின் உரிமையே மேல் என்று நீதிபதி பைரன் ஒயிட் எழுதினார். பாதிரியாரின் வாயை அடைக்கும்படி யாரும் சொல்லவில்லை. குக்குக்கும் ஒலிவாங்கி வேண்டும், அவ்வளவுதான்.

அதே நீதிமன்றம் 1974இல், பதிலை அச்சிடும்படி நாளிதழைக் கட்டாயப்படுத்திய ஃபுளோரிடா சட்டத்தைச் செல்லாது என்றது. வானொலிக்கு ஒரு நியாயம், பத்திரிகைக்கு வேறு நியாயமா என்று நிலைய முதலாளிகள் கேட்டதில் சாரம் இல்லாமல் இல்லை. வம்பு எதற்கு என்று சர்ச்சையையே தொடாமல் விட விதி தூண்டுகிறது என்றும் வாதிட்டார்கள். 1987இல் நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கப் பார்த்தபோது அதிபர் ரீகன் தடுப்பதிகாரத்தால் நிறுத்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில் எஃப்சிசி நெறியைக் கைவிட்டது. மறு ஆண்டு வலதுசாரிப் பேச்சு வானொலியாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கியது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்வார்கள். பாட்டெல்லாம் எஃப்எம்முக்குப் போய்விட, ஏஎம் நிலையங்கள் பேச்சைத் தேடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘சமநேர விதி’ வேறு. அது தேர்தல் வேட்பாளர்களுக்கு மட்டும் உரியது, சட்டத்திலேயே உள்ளது, இன்றும் நடப்பில் இருக்கிறது. இந்த நெறியில் சரிக்குச் சரி நிமிடக் கணக்கு கிடையாது. ‘சம வாய்ப்பு’ என்று எழுதாமல் ‘நியாய வாய்ப்பு’ என்பதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய வழக்கு 1992இல் வந்தது. எல்ஐசியின் பிரீமியம் முறையைக் குறைகூறிய ஆய்வுக்கு அதன் அதிகாரி எழுதிய மறுப்பைத் தன் ‘யோகக்ஷேமா’ இதழில் வெளியிட்ட எல்ஐசி, ஆய்வாளரின் பதிலை வெளியிட மறுத்தது. வெளியிடச் சொன்ன குஜராத் உயர் நீதிமன்றத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அரசு நிறுவனத்தின் இதழ் என்பதற்காக, எவர் எதை அனுப்பினாலும் அச்சிட்டாக வேண்டும் என்று இதைப் பொருள்கொள்ளக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பே சொல்லிவைத்தது.