கடலோர வீடா? முதலில் சன்ஷேட்டுக்கு அடியில் நிமிர்ந்து பாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறுபடியும் அதே மாதிரி விளம்பரம்: நாலு பெட்ரூம், மாடுலர் கிச்சன், பால்கனியில் நின்றால் கடல், "புதிதாகப் பெயிண்ட் அடித்தது". மறுபடியும் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுத்தான் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுகிறார்கள். முன்னாடி கூப்பிட்டால் அரை நாள் வேலை. அப்புறம் கூப்பிட்டால் ஆறுதல்தான் சொல்ல முடியும்.

வீட்டுக்குள் போவதற்கு முன் கடல் பார்த்த பக்கம் போய் நில்லுங்கள். சன்ஷேட்டின் அடிப்பக்கம், பால்கனி ஸ்லாப், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடி, தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை பில்லர்: உப்பு ஏறி உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று இங்கேதான் பார்க்க வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடலோரச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிப்பு) எம்30 என்ற வலுவான கலவையும் கேட்கிறது. சைட்டில் கம்பிக்கு அடியில் வைப்பது 20 மி.மீ. கவர் பிளாக், அதுவும் கான்கிரீட் போடும்போது மிதிபட்டு நழுவியிருக்கும்.

பூச்சில் வலைபோல ஓடும் மெல்லிய வெடிப்பைக் கண்டு அலற வேண்டாம், அது பூச்சு காய்ந்ததால் வந்தது. (எல்லோரும் அதைப் பார்த்துத்தான் அலறுகிறார்கள்.) பீமின் கீழ் ஓரத்தில், கம்பி போகும் வழியிலேயே, நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும் வெடிப்புதான் ஆபத்து. சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். 'டொப்' என்று பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது.

இங்கேதான் அந்த வசனம் வரும்: "லேசா துரு சார், கொத்தனாரை விட்டுச் சுரண்டிப் பூசிட்டா போச்சு." போகாது. துரு தெரிந்த இடத்தைத் தட்டிப் புதுக் கலவை வைத்தால் அந்த ஒரு சாண் கம்பி பிழைக்கும். ஆனால் அதே கம்பி இரண்டு பக்கமும் உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டுக்குள் ஓடுகிறது. இத்தனை நாள் துருப்பிடித்த துண்டு தான் அரிபட்டுப் பக்கத்துத் துண்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை மூடியதும் அரிப்பு ஒட்டின் இரண்டு ஓரங்களுக்கும் நகர்கிறது. சில மழைக்காலம் போனால் ஒட்டு அப்படியே இருக்கும், அதைச் சுற்றிப் பெயர்ந்து விழும். "நல்லாத்தானே பூசினாரு?" என்று கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

முறையாகச் செய்வதென்றால் முதலில் பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கமும் சுமார் 20 மி.மீ. கொத்தி, பளிச்சென்ற இரும்பு தெரிந்த பிறகும் இன்னும் 5 செ.மீ. தூரம் கொத்த வேண்டும். துருவை முழுக்க எடுத்து ஜிங்க் பிரைமர், மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி, பிறகு பழுதுபார்க்கவென்றே வரும் கலவைகளான பாலிமர் மார்ட்டர் அல்லது மைக்ரோ கான்கிரீட். எங்கெங்கே அரிப்பு நடக்கிறது என்று பார்க்க, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனை இருக்கிறது. காப்பர் சல்பேட் மின்முனையில் -350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அரிப்பு நடப்பதற்கு 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

போர் தண்ணீரை டிசம்பரில் குடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். மழை முடிந்த கையோடு கடலோரக் கிணறு இனிக்கத்தான் செய்யும். மே மாதத்து டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) என்ன என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கட்டும்போது எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில், கம்பியை அரிக்கும் குளோரைடுக்கு லிட்டருக்கு 500 மி.கி.தான் உச்ச வரம்பு.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. கடலோரத்தில் எங்கே, என்ன கட்டலாம் என்று கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்காற்று மண்டலம் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. திட்ட அனுமதி வரைபடத்தின் நகலை வாங்கி, உயர் ஓத எல்லையிலிருந்து (கடல் ஏறிவரும் உச்சக் கோடு) எவ்வளவு தூரம், எந்த மண்டலம் என்று சரிபாருங்கள். வரைபடத்தில் இல்லாத மாடி தலைக்கு மேல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

தயவுசெய்து டோக்கன் ரசீதில் "பொறியாளர் அறிக்கைக்கு உட்பட்டது" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்கிறாரா? ஹாலில் ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையையாவது கழற்றி, மேலே மறைந்திருக்கும் ஸ்லாப்பைக் காட்டச் சொல்லுங்கள்.