வெளுத்துப்போன வேட்டி

ஐபோனில் பார்த்தபோது மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அதே வீடியோவை எடிட் செய்ய மென்பொருளின் டைம்லைனில் போட்டேன். இடுப்பில் வெள்ளைத் தாளைச் சுற்றிக்கொண்டு நிற்பதுபோல் ஆகிவிட்டார். பிரைட்னஸைக் குறைக்கக் குறைக்க முகங்கள்தான் கறுத்தன. ஒரு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது, கேமரா மேல் குற்றமில்லை என்று.

2020இல் வந்த ஐபோன் 12 தொடங்கி ஐபோன்கள் டால்பி விஷன் எச்டிஆரில், அதாவது வழக்கத்தைவிட அதிகப் பளபளப்பைப் பதியும் முறையில், படம் பிடிக்கின்றன. அதற்கு அடிப்படை எச்எல்ஜி என்ற வளைகோடு. எவ்வளவு ஒளிக்கு எந்த எண்ணை எழுதுவது என்று சொல்லும் விதி அது. பிபிசியும் ஜப்பானின் என்எச்கே ஒளிபரப்பு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. வளைகோட்டின் கீழ்ப்பாதி பழைய டிவிக்கான கோட்டைப் போலவே ஏறும். மேல்பாதி மடக்கை (லாகரிதம்) கணக்குக்கு மாறி, நிறைய ஒளியைக் கொஞ்ச இடத்தில் சுருட்டி வைக்கும்.

சுருட்டுவது என்றால் சாதாரணமாக அல்ல. 1000 நிட் திரையில் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு), சாதாரண வெள்ளைக்கு ஒதுக்கிய இடம் 203 நிட். கோட்டில் அது 75 சதவீத உயரம். அதற்கு மேலே, 1000 நிட் வரையிலான அத்தனை பளபளப்பும் மிச்சமிருக்கும் கால் பங்கில்தான் அடைந்திருக்கிறது: வெயில் பட்ட வேட்டி, மேகம், குத்துவிளக்குச் சுடர்.

ரெக் 709 என்ற, எச்டிஆர் அல்லாத சாதாரண டிவித் தரத்தில் அமைந்த டைம்லைனில் அந்தக் கால் பங்குக்கு இடமில்லை. மென்பொருள் 203 நிட்டை 100 சதவீத வெள்ளையாக வைத்துவிட்டால், மேலே இருப்பதெல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். ஃபைலில் மடிப்புகள் பத்திரமாகவே இருக்கும்.

டோன் மேப்பிங்தான் சரியான மருந்து. முகத்தின் வெளிச்சத்தை அதிகம் தொடாமல், உச்சியை மட்டும் மெல்ல வளைத்து உள்ளே கொண்டுவரும். பிரீமியர் புரோவில் 'ஆட்டோ டோன் மேப்' என்று இருக்கும். மெனுவில் அதன் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் கொஞ்சம் தேட வேண்டும். டாவின்சி ரிசால்வில் 'கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்' போட்டு, உள்ளீட்டுக்கு ரெக் 2020 (ரெக் 709ஐவிட அகலமான நிறப் பரப்பு), எச்எல்ஜி. வெளியீட்டுக்கு ரெக் 709, காமா 2.4 (சாதாரண டிவிக்கான வளைகோடு). வெளிச்சத் திருத்தம் வேண்டுமென்றால் இதற்கு முந்தைய நோடில் (திருத்தப் படியில்) செய்யுங்கள். பின்னால் செய்தால், சுருங்கிப்போன படத்தோடுதான் போராட வேண்டும்.

குறுக்குவழி ஒன்றும் உண்டு: 'இது ரெக் 709தான்' என்று மென்பொருளிடம் பொய் சொல்வது. ஓரளவு எடுபடும், ஏனென்றால் பழைய டிவியிலும் சுமாராகத் தெரியட்டும் என்றே எச்எல்ஜியை வடிவமைத்தார்கள். ஆனால் ரெக் 2020 நிறங்கள் மாற்றப்படாமல் வருவதால் பட்டுப்புடவை நூல்புடவைபோல் மங்கிவிடும். அவசரத்துக்குச் சரி.

படமெடுக்கும்போதே சென்சார் நிரம்பி வழிந்திருந்தால் கதை வேறு. எக்ஸ்போஷரை இறக்கிப் பாருங்கள். மடிப்பு தெரிந்தால் தப்பித்தோம். வெறும் சாம்பல் திட்டாக இறங்கினால் அங்கே மீட்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் வேட்டி மீண்டது. ஃபோகஸ் லைட்டுக்கு நேர் கீழே நின்ற மாமாவின் வழுக்கை மீளவில்லை.