ஒருவர் மட்டும் வைத்திருந்தால் பயன்படாத செயலி

“ஆரோக்கிய சேதுவைக் கோடிக்கணக்கானோர் இறக்கி வைத்திருந்தார்கள், எங்கள் கம்பெனியில் ஒருவருக்குக்கூட எச்சரிக்கை வரவில்லையே, ஏன்?” என்று பல்லடத்திலிருந்து பனியன் கம்பெனி மேற்பார்வையாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொரோனா தொற்றியவரின் அருகே இருந்தவர்களை எச்சரிப்பதற்காக மத்திய அரசு 2020 ஏப்ரல் 2 அன்று வெளியிட்ட அச்செயலியை ஆறு வாரங்களுக்குள் 10 கோடிப் பேர் இறக்கிக்கொண்டது உண்மைதான்.

செயலி இயங்கிய விதம் எளியது. கைபேசிகள் புளூடூத் வழியாக அடையாள எண்களைப் பரிமாறிக்கொண்டன. ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அண்மையில் அவரருகே இருந்தவர்களுக்குத் தகவல் போனது. சிக்னலின் வலிமையை வைத்தே தொலைவு கணிக்கப்பட்டதால் சுவருக்கு அப்பால் இருந்தவரும் அருகிலிருப்பவராகத் தெரிந்திருக்கலாம். ஆனால் கேள்விக்கு விடை வேறொரு கணக்கில் இருக்கிறது.

ஒரு சந்திப்பு பதிவாக வேண்டுமானால் இருவரிடமும் செயலி இருந்தாக வேண்டும். நூற்றில் 40 பேர் வைத்திருந்தால், தற்செயலாகச் சந்திக்கும் இருவரிடமும் அது இருக்க வாய்ப்பு 0.4 × 0.4, அதாவது 16 விழுக்காடு மட்டுமே. 80 பேர் வைத்திருந்தாலோ 64 விழுக்காடு. பயனர்கள் இரு மடங்கானால் பிடிபடும் சந்திப்புகள் நான்கு மடங்காகின்றன. இதே கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் ஒன்றும் உண்டு. தையல் பிரிவில் 50 பேர், செக்கிங் பிரிவில் 50 பேர் இருப்பதாகவும், அவரவர் பிரிவுக்குள் மட்டுமே பழகுவதாகவும் கொள்வோம். இரு பிரிவிலும் பாதிப் பேர் வீதம் மொத்தம் 50 பேர் செயலியை வைத்திருந்தால் நடக்கும் சந்திப்புகளில் கால் பங்குதான் சிக்கும். அதே 50 பேரும் தையல் பிரிவினராகவே இருந்தால் அப்பிரிவின் சந்திப்புகள் அனைத்தும், ஆக மொத்தத்தில் பாதி, சிக்கிவிடும். ஆகவே நாடு முழுவதற்குமான இறக்க எண்ணிக்கையைவிட, ஒரே வரிசையில் அமர்ந்து தைத்து, ஒரே வண்டியில் வீடு திரும்புவோர் சேர்ந்து வைத்திருக்கிறார்களா என்பதே முக்கியம். முதலில் வைப்பவருக்கு அநேகமாக எந்தப் பயனும் இல்லாததால், பக்கத்து மெஷின்காரர் வைக்கட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பதும் இயல்பே.

கட்டாயப்படுத்தினால் இந்தத் தயக்கம் தீராது. 2020 மே 1 அன்று உள்துறை அமைச்சகம் அலுவலகப் பணியாளர்கள் அனைவருக்கும் செயலியைக் கட்டாயமாக்கியது. மே 17 ஆணையில் அது ‘இயன்ற முயற்சி’யாகத் தளர்ந்தது. வாயிற்காவலரிடம் திரையைக் காட்டிவிட்டு உள்ளே போய் புளூடூத்தை அணைத்துவிடுபவர் இறக்க எண்ணிக்கையில் சேர்வார், கண்காணிப்பில் சேரமாட்டார்.

பலர் செயலியை வைக்காததற்கு மக்களின் மூடநம்பிக்கையே காரணம் என்று படித்தவர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பிளேக் மாரியம்மனைக் கும்பிட்ட கோவையில் 2021இல் இருகூர்ப் பக்கம் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். கும்பிடுவதற்கும் கைபேசியில் செயலி வைப்பதற்கும் முரண்பாடு ஏதுமில்லை. மக்கள் அஞ்சியது எச்சரிக்கைக்குப் பின் நடப்பதற்கு: வாசலில் அடிக்கப்படும் தகரம், கதவில் ஒட்டப்படும் தாள், பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு வராமற்போகும் சனிக்கிழமைச் சம்பளம்.

தரவு எங்கே போகும் என்ற ஐயமும் நியாயமானதே. சிங்கப்பூரின் செயலித் தரவைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெறமுடியும் என்பது 2021 ஜனவரியில் வெளியானதும் எழுந்த எதிர்ப்பால், கடுங்குற்றங்களுக்கு மட்டும் அதை வரையறுத்து அடுத்த மாதமே சட்டம் இயற்ற நேர்ந்தது. இங்கிலாந்தின் செயலியோ பயனர் யாரென்றே அரசு அறியாதபடி அமைக்கப்பட்டது. தனிமைப்படுத்தப்பட்ட குறைந்த வருவாயினருக்கு அங்கே அப்போது 500 பவுண்டு உதவித்தொகை இருந்தது. ஆனால் எச்சரிக்கை பெற்றவர் யாரென உறுதிசெய்ய வழியில்லாததால், செயலி சொல்லி வீட்டிலிருந்தவர்களுக்கு முதலில் அந்தத் தொகை கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில்தான் அவர்களும் விண்ணப்பிக்க வழி செய்தார்கள்.