வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போகும் முன் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

டோக்கியோவில் மகன் வேலை பார்க்கிறான், டிசம்பரில் போய் ஒரு மாதம் இருக்கப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு மருந்துச் சீட்டு எழுதிக்கொள்ள வரும் பெற்றோர் என் கிளினிக்கில் ஆண்டுதோறும் உண்டு. குளிரைப் பற்றிக் கேட்பார்கள், விமானத்தில் கால் வீங்குமா என்று கேட்பார்கள். "ஹக்கோனேவில் ஓர் இரவு வெந்நீர் ஊற்று விடுதியில் தங்குகிறோம் டாக்டர்" என்பதை மட்டும் எழுந்து கதவருகே போன பிறகு மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். அப்போது நான் அவர்களை மறுபடி உட்காரச் சொல்கிறேன்.

அதற்குக் காரணமான நோயாளிக்கு வயது 67. நெடுநாள் சர்க்கரை நோய், மூன்று வேளையும் இன்சுலின், சுத்த சைவம். மாலை மூன்று மணிக்கு விடுதிக்குப் போனவர், வெந்நீர்க் குளத்தில் நன்றாக ஊறி எழுந்தார். விருந்து ஆறு மணிக்கு என்றார்கள். வீட்டில் செய்வதுபோலவே சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தட்டில் பச்சை மீன். அடுத்தது மீன் சாறு ஊற்றிய முட்டைக் கூழ். அதற்கடுத்ததும் மீன்தான். முக்கால் மணி நேரத்தில் அவர் வயிற்றுக்குள் போனது இரண்டு துண்டு முள்ளங்கி ஊறுகாய். ஏழு மணிக்குள் உடல் முழுவதும் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. மருமகள் சட்டென்று புரிந்துகொண்டு பழச்சாறு புகட்டியதால் பிழைத்தார். விடுதிக்காரர்கள் மீது எள்ளளவும் குற்றமில்லை. அந்த ஊர் விருந்தின் வரிசையே அப்படி. அதை முன்கூட்டி அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ரியோக்கான் எனப்படும் அந்த மரபு விடுதிகளில் இரவு விருந்துக்குக் கைசெகி என்று பெயர். சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஒவ்வொன்றாக வரும். சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும் கடைசியில்தான் வரும், சில இடங்களில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகு. இலையில் முதலில் சோறு விழும் வழக்கத்தில் வளர்ந்த நாம் இதை எதிர்பார்ப்பதில்லை. மீன் துண்டே இல்லாத காய்கறியும் காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டுக் காய்ச்சிய சாற்றில்தான் பெரும்பாலும் வெந்திருக்கும். போதாததற்கு, வெந்நீரில் ஊறிய உடம்பில் தோலுக்குக் கீழே ரத்த ஓட்டம் கூடுகிறது. அதனால் ஊசி மருந்து வழக்கத்தைவிட வேகமாக உறிஞ்சப்படும். சோறு தாமதம், ஊசி வேகம். இந்த இரண்டும் ஒரே மாலையில் சேர்ந்தால் சர்க்கரை விழாமல் என்ன செய்யும்?

ஆகவே அறை பதிவு செய்யும்போதே, மீன் சாறும் கூடாத சைவ உணவு வேண்டும், சோற்றை முதலிலேயே கொண்டுவர வேண்டும் என்று மகனோ மகளோ ஜப்பானிய மொழியில் எழுதிக் கேட்க வேண்டும். அன்று காலை சொன்னால் போதாது. சமையல்காரர் நாட்கணக்கில் முன்னேற்பாடு செய்பவர், பல விடுதிகளில் கடைசி நேர மாற்றத்துக்கு இடமில்லை. ஊசியைச் சோற்றுக் கிண்ணம் எதிரே வந்த பிறகு போடலாமா, எத்தனை யூனிட் என்பதை உங்கள் மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போட்டுக்கொண்டு குளத்துக்குப் போகவே கூடாது.

இனி குளியல். "வெந்நீர் நமக்குப் புதிதா டாக்டர்? சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்து வெந்நீரில்தானே குளிக்கிறேன்" என்று ஓர் அம்மா கேட்டார். நல்ல கேள்வி. நாம் வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்கிறோம், அங்கே கழுத்துவரை அமிழ்கிறார்கள். டிசம்பர் குளிரில் உடை களையும்போது ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. சூடான நீருக்குள் இறங்கியதும் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. அமிழ்ந்திருக்கும்வரை நீரின் எடை கால்களை அழுத்தி ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென்று எழுந்தால் அந்தத் தாங்கல் போய், ரத்தம் காலில் தேங்கி, தலைக்குப் போவது குறைந்து கண் இருட்டும். தண்ணீருக்குள் மயங்குவதும் படுக்கையில் மயங்குவதும் ஒன்றல்ல.

இது ஜப்பானியர்களையும் விடாத ஆபத்து. அங்கே குளியல் தொட்டியில் மூழ்கி இறக்கும் முதியோர் சாலை விபத்தில் இறக்கும் முதியோரைவிட அதிகம். பெரும்பாலும் வீடுகளில், குளிர்கால மாதங்களில் நடப்பவை. அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமை சொல்லும் அறிவுரை எளிது: நீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மெல்ல எழுந்திருங்கள், குளிக்கப் போவதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உண்ட உடனேயும் மது அருந்திய பிறகும் குளிக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. ஊற்று விடுதிகளின் குளங்களில் 42, 43 டிகிரி இருப்பது சாதாரணம்.

ரத்த அழுத்த மாத்திரை, நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புரோஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் போடும் மாத்திரை ஆகிய நான்கும் அழுத்தத்தை மேலும் இறக்கக்கூடியவை. புரோஸ்டேட் மாத்திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விருந்தில் சாக்கே என்னும் அரிசி மது அருந்தியவர் அன்றிரவு மறுபடி குளத்தில் இறங்க வேண்டாம்.

அந்த ஊர் வழக்கங்களிலேயே பாதுகாப்பு பொதிந்திருப்பதைக் கவனித்திருக்கிறேன். அறைக்குள் நுழைந்ததும் தாழ்ந்த மேசையில் தேநீரும் ஓர் இனிப்பும் வைத்திருப்பார்கள். வெறும் வயிற்றோடும் தாகத்தோடும் குளத்துக்குப் போகாதிருக்கவே அது என்று அங்கே சொல்வார்கள். சர்க்கரை நோயாளி "இனிப்பு ஆகாது" என்று மொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை. பாதி உண்டு, தேநீரோடு ஒரு தம்ளர் தண்ணீரும் குடிக்கலாம். குளத்தில் இறங்குமுன் சிறு முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு குளத்து நீரைச் சிறு வாளியில் மொண்டு காலில் தொடங்கி மேலே ஊற்றிக்கொள்ள வேண்டும். இதைக் காக்கேயு என்பார்கள். உடம்பைச் சூட்டுக்குப் பழக்கும் அந்த ஒரு நிமிடத்தைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

சர்க்கரையால் பாத உணர்ச்சி மங்கியவர்கள் சூட்டைக் காலால் சோதிக்கக் கூடாது. வெந்தது தெரியாது. கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். தெருவோரங்களில் கால் மட்டும் நனைக்கும் ஊற்றுத் தொட்டிகளுக்கும் இதே எச்சரிக்கை. முழங்கையை வைத்துப் பாருங்கள், அல்லது உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் குளியலே வேண்டாம்.

ஆண்கள் குளமும் பெண்கள் குளமும் தனித்தனி, உடையின்றித்தான் இறங்க வேண்டும். அப்பாவை மகள் பார்த்துக்கொள்ள முடியாது, அம்மாவை மகன் பார்த்துக்கொள்ள முடியாது. மொழி தெரியாத முதியவர் வழுக்கும் கல் தரையில் தனியாக நடப்பார். எனவே என் நோயாளிகளிடம் நான் வற்புறுத்துவது காஷிகிரி எனப்படும் தனிக் குளியலறையை. பல விடுதிகளில் ஒரு குடும்பத்துக்கு மட்டுமாக, சில இடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு, முக்கால் மணி நேரம் போலக் கொடுப்பார்கள். கூச்சமும் தீரும், பக்கத்தில் ஆளும் இருக்கும்.

1948-இல் வந்த வெந்நீர் ஊற்றுச் சட்டத்தின்படி ஒவ்வொரு விடுதியும் நீரின் சேர்மானத்தையும், யார் குளிக்கக் கூடாது என்பதையும் எழுதி மாட்டியிருக்க வேண்டும். அது பெரும்பாலும் உடை மாற்றும் அறையில் இருக்கும். அங்கே கைபேசியை எடுக்கக் கூடாது, எனவே வரவேற்பு மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் முன்பு கர்ப்பிணிகளும் இருந்தார்கள், 2014 திருத்தத்தில் நீக்கப்பட்டார்கள். ஆனாலும் நீண்ட நேரச் சூடும் வழுக்கலும் அவர்களுக்கு நல்லதல்ல. ஹக்கோனேயின் ஓவாகுதானி பள்ளத்தாக்கில் எரிமலை வாயு வெளிப்படுவதால், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் போக வேண்டாம் என்றே அறிவிப்பு இருக்கிறது. கந்தக நீரில் வெள்ளி மெட்டியும் கொலுசும் கறுத்துவிடும், கழற்றி வைத்துவிடுங்கள்.

குசாத்சு என்னும் வெந்நீர் ஊற்று ஊரின் நீர் எலுமிச்சைச் சாறு போலப் புளிப்பு அமிலம். 1876-இல் ஜப்பானுக்கு வந்த ஜெர்மன் மருத்துவர் எர்வின் பெல்ஸ் அதன் குணத்தைப் பெரிதும் புகழ்ந்தார். அங்கே பழைய முறையில், தண்ணீர் சேர்த்துக் கலக்காமல் நீண்ட பலகைகளால் துழாவியே சூட்டைத் தணிப்பார்கள். அதற்குப் பிறகும் கடும் சூடாக இருக்கும் அந்த நீரில், ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒன்றாக இறங்கி, மூன்று நிமிடத்தில் ஏறிவிடும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. நீரை மருந்தாக நம்பியவர்கள் அதற்கு அளவும் வைத்திருந்தார்கள்.

அந்த 67 வயதுக்காரர் சென்ற குளிர்காலத்தில் மறுபடி போனார். தேநீரும் பாதி இனிப்பும் உண்டு, நான்கு மணிக்குத் தனிக் குளியலறை, மனைவி அருகில், எட்டு நிமிடம். திரும்பி வந்து கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மேசையில் டோஃபுவும் பொரித்த காய்களும். அவற்றுக்கு முன்னால், விருந்து தொடங்கும்போதே வந்துவிட்ட ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு, ஆவி பறக்க.