மக்கா வேதிப்பொருளும் அதன் வரம்பும்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில் குடிநீரில் கலக்கும், எளிதில் சிதையாத ஒரு செயற்கை வேதிப்பொருள் குடும்பத்துக்கு விதித்த வரம்புகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'பி.எஃப்.ஏ.எஸ்.' என்று ஆங்கில எழுத்துகளை அப்படியே அடுக்குகிறார்கள். இல்லையெனில் 'நிரந்தர இரசாயனம்' என்கிறார்கள். முன்னது பொருள் தராது. பின்னது தருகிற பொருள் சற்றுப் பிசகானது.

அந்தச் சுருக்கத்தின் விரிவு 'பெர்ஃபுளூரோ, பாலிஃபுளூரோ ஆல்கைல் பொருட்கள்' என்பதாகும். 'பெர்' என்னும் இலத்தீன் முன்னொட்டுக்கு 'ஊடாக, முழுவதுமாக' என்று பொருள். கரிமச் சங்கிலியில் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடம் ஒவ்வொன்றிலும் ஃபுளூரின் அமர்ந்துவிட்டதை இங்கே அது குறிக்கிறது. 'பாலி' என்பது 'பல' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்; சில இடங்களில் ஹைட்ரஜன் எஞ்சியிருக்கும். ஆகவே முற்றுஃபுளூரோ, பல்ஃபுளூரோ என்று பிரித்தால் வேறுபாடு தமிழிலேயே விளங்கிவிடும். ஃபுளூரின் என்ற பெயரோ 'பாய்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து வந்தது. தாதுவை உருக்கும்போது குழம்பு இளகி ஓடுவதற்காகச் சேர்த்த கல்லின் பெயரே தனிமத்துக்கும் ஆயிற்று.

'என்றென்றைக்குமான இரசாயனம்' என்னும் ஆங்கில வழக்கை 2018இல் ஜோசப் ஆலன் என்னும் பொதுச் சுகாதாரப் பேராசிரியர் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் உருவாக்கினார். அந்த இரு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான எஃப், சி இரண்டும் ஃபுளூரின், கார்பன் ஆகியவற்றின் குறியீடுகளும் ஆகும். இந்தச் சிலேடை தமிழுக்கு வராது, வர வேண்டியதுமில்லை. ஃபுளூரின்-கார்பன் பிணைப்பு மிக வலியது என்பதால் மண்ணும் வெயிலும் நுண்ணுயிரும் இவற்றை எளிதில் சிதைக்க முடிவதில்லை என்பதே செய்தி. அதற்கு நம் ஊர்த் தூய்மைப் பணியாளர் நாள்தோறும் வாசலில் நின்று கேட்கும் சொல் இருக்கிறது: மக்கும் குப்பை, மக்காத குப்பை. 'நிரந்தரம்' என்றால் பணி நிரந்தரம்தான் நினைவுக்கு வருகிறது. நெகிழியும் மக்காததுதானே என்று ஒருவர் கேட்கலாம் என்பதால், 'மக்கா ஃபுளூரோ வேதிப்பொருள்' என்பதே என் தேர்வு.

அடுத்த சொல் வரம்பு. 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு வரை குடித்தால் கெடுதல் இல்லை என்று அது நினைக்க வைக்கிறது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஆகிய இரண்டு வேதிப்பொருட்களுக்கும் முகமை வைத்த உடல்நல இலக்கு சுழியம். சட்டப்படி கட்டுப்படுத்தும் உச்ச வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். ஆய்வகங்கள் உறுதியாக அளந்து சொல்லக்கூடிய அளவையும் சுத்திகரிப்புச் செலவையும் கருதி வைக்கப்பட்ட எண் அது. நெல்வயலின் வரப்பும் வரம்புதான். அதை எவ்வளவு உயரத்துக்கு எழுப்ப முடியுமோ அவ்வளவுக்குத்தான் எழுப்புகிறோம். 'உச்ச மாசு வரம்பு' என்பது பொருந்தும்.

லிட்டருக்கு 4 நானோகிராம் என்பது லட்சம் கோடியில் நான்கு பங்கு. ஐம்பது மில்லிகிராம் எடையுள்ள ஒரு துளி வேதிப்பொருளை இந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 1.25 கோடி லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் லாரிகளில் கொண்டுவந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடை. இவ்வளவு நுண்ணிய எண்ணுக்குப் பின்னால் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் போன்ற ஊர்கள் இருக்கின்றன. நான்ஸ்டிக் தவாவின் பூச்சைத் தயாரிக்கப் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. அங்கே ஆலையிலிருந்து குடிநீரில் கலந்தது.

இதைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் நன்கறிந்த ஃபுளூரைடோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பாறையிலிருந்து நிலத்தடி நீரில் இயல்பாகக் கரைவது, பல்லையும் எலும்பையும் தாக்குவது. இந்தியத் தர நிர்ணயத்தில் அதன் உச்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. தனிமம் ஒன்றாயினும் சேர்மம் வேறு, அளவுகோலும் வேறு.

2025 மே மாதம் முகமை பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். இரண்டுக்குமான 4 நானோகிராம் வரம்பைத் தக்கவைத்துக்கொண்டு, நிறைவேற்றும் கெடுவை 2029இலிருந்து 2031க்குத் தள்ளவும், 2024 விதியில் இடம்பெற்ற மற்ற மக்கா ஃபுளூரோ வேதிப்பொருட்களின் வரம்புகளை விலக்கிக்கொள்ளவும் எண்ணுவதாக அறிவித்தது. அதைத் தமிழில் எழுதுவோர் 'கெடு தள்ளிப்போகிறது' என்பதையும் 'வரம்பு நீக்கப்படுகிறது' என்பதையும் ஒன்றாக்கி, 'தளர்வு' என்று மட்டும் சொல்லி முடிப்பது பிழை.