நாலாம் வகுப்பின் ஓராண்டு: பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் முன்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பெற்றோர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வருசம் டூர் எங்க டீச்சர்?" என்பதுதான். கொடைக்கானலா, கன்னியாகுமரியா, தண்ணீர் விளையாட்டுப் பூங்காவா என்று பிள்ளைகள் வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்திருப்பார்கள். மதுரை நாகமலைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாக நாலாம், ஐந்தாம் வகுப்பு எடுத்து வருகிறேன். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வருசத்தில் ஒரே ஒரு நாள் போகும் தூரப் பயணத்தைவிட, ஜூன் முதல் ஏப்ரல் வரை அவ்வப்போது போய்வரும் பக்கத்துப் பயணங்கள்தான் அதிகம் கற்றுத் தருகின்றன. என் வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தப் பிள்ளையும் விடுபடாது.

விடுபடுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தலைக்கு இவ்வளவு ரூபாய் என்று அறிவிப்பு போனதும், கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை "காசு இல்லை" என்று வகுப்பில் சொல்லாது. "எனக்கு பஸ்ஸுன்னா வாந்தி வரும் டீச்சர்" என்று சொல்லும். "அன்னிக்கு அப்பத்தா வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லும். அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளியில் படித்தால் ஒருவருக்குத்தான் பணம் கட்டுவார்கள், பெரும்பாலும் அண்ணனுக்கு. டூர் முடிந்த மறுநாள் வகுப்பு முழுக்க அதே பேச்சாக இருக்கும்போது, போகாத பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வகுப்பின் பாடம் என்று சொல்லிக்கொண்டு அதில் சில பிள்ளைகளை வெளியே நிறுத்துவது நியாயமில்லை. நண்பர்கள் சேர்ந்து போகிற உல்லாசப் பயணம் வேறு, பள்ளிப் பயணம் வேறு.

சரி, பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மதுரையைச் சுற்றி இருப்பவர்கள் கேட்கவே கூடாத கேள்வி அது.

ஜூன், ஜூலையில் ஊருக்குள்ளேயே நடந்து போகும் பயணங்கள் போதும். பால் சொசைட்டி, ரேஷன் கடை, கிளை அஞ்சலகம். அஞ்சலகத்துக்குப் போகும் முன் ஆளுக்கு ஓர் அஞ்சலட்டை கொடுத்துவிடுவேன். இன்றும் அதன் விலை 50 பைசாதான். தன் வீட்டு முகவரிக்குத் தானே ஒரு கடிதம் எழுத வேண்டும். அப்போதுதான் பல பிள்ளைகளுக்குத் தங்கள் முகவரி முழுதாகத் தெரியவில்லை என்பது வெளிவரும். பாதுகாப்புக்காகவும் இது அவசியம், தொலைந்துபோன பிள்ளைக்கு முதலில் கைகொடுப்பது முகவரிதான். அப்புறம் பின்கோடு. ஆறு இலக்கத்தில் முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி ஆகியவை சேர்ந்த மண்டலத்தைக் காட்டுகிறது, 625 என்று தொடங்கினால் மதுரைப் பக்கம் என்று சொன்னால் போதும், அன்று மாலையே வீட்டில் இருக்கிற கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் புரட்டிவிடுவார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கும் இன்னோர் அட்டை எழுதிய ஒரு சிறுமி, "எங்க அப்பா ஊரு 641 டீச்சர்" என்று மறுநாள் வந்து சொன்னாள். அஞ்சலட்டை வீட்டுக்கு வந்து சேரும் நாளை ஒவ்வொருவரும் சுவரில் குறித்து வைப்பார்கள். மொழிப் பாடம், கணக்கு, சமூக அறிவியல் மூன்றும் அதிலேயே முடிந்துவிடும்.

செப்டம்பரில் காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-ல் தொடங்கப்பட்டது. காந்தி அரையாடைக்கு மாறியது மதுரையில், 1921 செப்டம்பர் 22 அன்று என்பதால் அந்த மாதம் பொருத்தமாக இருக்கும். அவர் தங்கியிருந்த மேலமாசி வீதி வீட்டையும் அப்படியே காட்டிவிடலாம். ஆனால் அருங்காட்சியகத்தில் இரத்தக் கறை படிந்த அவருடைய ஆடை வைக்கப்பட்டிருக்கிறது. சிறு பிள்ளைகளை முன்னறிவிப்பு இல்லாமல் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. யார் சுட்டது, ஏன் சுட்டார்கள் என்பதை முதல் நாளே வகுப்பில் பேசிவிட வேண்டும். பேசிவிட்டுப் போனால் பயப்படாமல் பார்க்கிறார்கள், கேள்வியும் கேட்கிறார்கள்.

நவராத்திரிக்கு முன்னால் விளாச்சேரி. மண்வேலை செய்யும் வேளார் வீடுகளில் கொலு பொம்மை வேலை மும்முரமாக நடக்கும் காலம். அச்சில் மண்ணை அழுத்தி, இரண்டு பாதியையும் ஒட்டி, காயவைத்து, சுட்டு, வண்ணம் தீட்டுவது வரை ஒரே தெருவில் பார்க்கலாம். வேலை மும்முரம் என்பதால் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, சின்னச் சின்னக் குழுவாகத்தான் போக வேண்டும். ஒரு கூடை மண் விலைக்கு வாங்கி வந்தால் அடுத்த வாரம் முழுக்க வகுப்பில் கைவேலை நடக்கும். மண்ணைத் தொடத் தயங்கும் பிள்ளைகள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள் என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் நான் மிகவும் நம்புவது நவம்பர், டிசம்பரில் போகிற கண்மாய்ப் பயணத்தைத்தான். மழை பெய்து தண்ணீர் வந்த பிறகு, காலை நேரத்தில், கரைமேல் மட்டும் ஒரு நடை. தினமும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் கடந்து போகிற கண்மாய்தான். ஆனால் கண்மாய்க்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கல்லும் எதற்கு என்று கேட்டால் வகுப்பில் யாருக்கும் தெரியாது. "சாமி கல்லு" என்பார்கள். எங்கள் ஊரில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சித் தாத்தா ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் பேசச் சொல்வேன். அந்தத் தூண்களுக்குக் கீழே கல்தொட்டி இருக்கிறது, அதுதான் குமிழி மடை. மேலே இருக்கிற பெரிய துளை நீரோடித் துளை, அது வழியாகத் தண்ணீர் போகும். அடியில் இருக்கிற சின்னத் துளைகள் சேறோடித் துளைகள், அவை வழியாக வண்டலும் சேர்ந்து வயலுக்குப் போகும். பழைய காலத்தில் ஆள் முங்கிப் போய்த்தான் அடைப்பைத் திறந்தார்கள். இவ்வளவையும் அவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டியபோது, வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார முடியாத பையன் அவர் பக்கத்தில் குத்தவைத்து அசையாமல் இருந்தான். "அப்ப சேறு போகலைன்னா கம்மாய் மூடிரும்ல தாத்தா?" என்று கேட்டவனும் அவன்தான். தூர்வாருவது என்ற பாடத்தை அவனே தொடங்கிவிட்டான்.

நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு எங்கே, அப்படி மறுகால் பாய்ந்தால் அடுத்து எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் வைகையும், 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையும் பேச்சுக்கு வந்துவிடும். பிறகு பறவைகள். நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான், மீன்கொத்தி. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து பார்த்ததைப் பதிவு செய்தாலே போதும் என்பதால், டிசம்பரில் பழகிய பிள்ளைகள் ஜனவரியில் வீட்டில் இருக்கிற பெரியவர்களையும் இழுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போகிறார்கள்.

குளிர் இருக்கும்போதே கீழக்குயில்குடி சமணர் மலையையும் முடித்துவிட வேண்டும். எல்லாரும் மேலே ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. நடக்கச் சிரமப்படும் பிள்ளை வகுப்பில் இருந்தால் அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையுமே அன்றைய பாடமாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையை மட்டும் கீழே ஒருவரோடு உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஏறுவதை நான் ஏற்க மாட்டேன். திருமலை நாயக்கர் மகாலுக்குப் பெரும்பாலான பிள்ளைகள் உறவினரோடு போய் வந்திருப்பார்கள். தூண்களை அளந்து பார்க்கும் கணக்குப் பாடத்துக்கு அது நல்ல இடம், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் கீழடி. ஆண்டின் பெரிய பயணம் அதுவாக இருக்கட்டும். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டத்துக்குள் இருக்கிறது. அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. போவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டிலும் தெருவிலும் கிடக்கிற உடைந்த ஓட்டாஞ்சில்லுகளைக் கொண்டுவரச் சொல்வேன். கறுப்பு, சிவப்பு, மெல்லியது, தடித்தது, விளிம்பு உள்ளது, இல்லாதது என்று பிரித்து அடுக்குவார்கள். இந்த வேலையைச் செய்துவிட்டு வருகிற பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானை ஓட்டைக் குப்பை என்று கடந்து போகாது. சுடுமண் வட்டச் சில்லுகளைப் பார்த்ததும், "நம்ம பாண்டி விளையாடுறது மாதிரி இருக்கு டீச்சர்" என்பார்கள். ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருப்பதைக் காட்டினால், திரும்பி வந்ததும் ஆணியை எடுத்து ஓட்டில் தங்கள் பெயரைக் கீறத் தொடங்கிவிடுவார்கள். ஒரு எழுத்தைக் கீறுவதற்கே கை வலிக்கிறது என்று அவர்களே சொல்லும்போது அந்தக் காலத்து மனிதர்கள்மேல் தானாக மரியாதை வருகிறது.

மார்ச்சில் வெயில் ஏறிவிடும். அதற்குப் புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம்தான் சரி. அங்கே குழந்தைகள் பகுதியில் ஒரு முழுக் காலைப் பொழுதை விட்டுவிடலாம்.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போய்வந்த மறுநாள் "நாங்கள் சுற்றுலா சென்றோம்" என்று கரும்பலகையில் பத்து வரி எழுதிப்போட்டு எல்லாரையும் அப்படியே எழுதச் சொல்லாதீர்கள். பிள்ளை பார்த்தது அதில் ஒரு வரிகூட இருக்காது. தனக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளை வரைந்து, அதைப் பற்றி மூன்று வரி தன் பேச்சில் எழுதட்டும், எழுத்துப் பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதேபோல இடத்துக்குப் போகும்போது கையில் பெரிய கேள்வித்தாளைக் கொடுத்தால் தலையைக் குனிந்து தாளைத்தான் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி போதும்.

இனி பாதுகாப்பு. ஆட்டோவில் அடைத்துக்கொண்டோ, டாடா ஏஸ் போன்ற சரக்கு வண்டியிலோ பிள்ளைகளை ஏற்றவே கூடாது, பக்கத்து ஊராக இருந்தாலும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஆசிரியை, உடன் வரும் அம்மாக்கள், பெண் பிள்ளைகள் என எல்லாருக்கும் செலவே கிடையாது. பையன்களுக்கு அரை டிக்கெட்தான். கூட்டம் குறைந்த பத்தரை மணி வண்டியைப் பிடித்தால் போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வோர் இடத்தைவிட்டுக் கிளம்பும்போதும் பெயர் சொல்லிக் கணக்கெடுக்க வேண்டும். தலையை எண்ணினால் மட்டும் போதாது, கூட்டத்தில் வேறு பள்ளிப் பிள்ளை சேர்ந்துகொண்டாலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். பத்துப் பிள்ளைகளுக்காவது ஒரு பெரியவர் வேண்டும்.

தண்ணீர்க் கரைக்குப் போனால் கால் நனைப்பதுகூடக் கிடையாது. கண்மாயில் மண் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது, நீச்சல் தெரிந்தவரையும் அது இழுத்துக்கொள்ளும். மலைப்பாறைகளில் தேனடை இருக்கிறதா என்று முந்தின நாளே ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட வேண்டும். ஆசிரியர் ஒருவர் முன்னதாகப் போய்ப் பார்க்காத இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகக் கூடாது. அப்படிப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறையை. வெளியே போகிற நாளில் பெண் பிள்ளைகள் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள், எங்கே போவது என்ற பயம்தான் காரணம். மத்தியானம் தலைவலி, மயக்கம் என்று சுருண்டு படுப்பதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. "அங்கே கழிப்பறை இருக்கிறது, இத்தனை மணிக்குப் போகலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாட்டிலில் இருக்கிற தண்ணீர் காலியாகும்.

வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை இருக்கிறதா என்று பெற்றோர் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் கூட்டிப்போக மாட்டார்கள் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். ஆசிரியர்களும் அப்படி யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. மருந்தை ஆசிரியர் கையில் கொடுத்தனுப்பினால் போதும். பிள்ளைகளின் படத்தை ஆசிரியரோ உடன் வருகிறவர்களோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். அவசரத்துக்கு 108, பிள்ளைகளுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் 1098, இரண்டையும் பிள்ளைகளே மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஜூன் மாதமே வாருங்கள். "டூர் எங்கே" என்று கேட்பதற்குப் பதிலாக, இந்த ஆண்டு எந்தெந்த மாதம் எங்கே போகிறீர்கள், எந்தப் பாடத்துக்காகப் போகிறீர்கள், எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள், வண்டி என்ன, கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அங்கேயே கேளுங்கள், உங்களால் கட்ட முடிந்தாலும் கேளுங்கள். அப்புறம், மாதத்தில் ஒரு காலைப் பொழுது எங்களோடு நடந்து வர யாரால் முடியும் என்று பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்பாக்களும் கொடுக்கலாம்.