ஓவர்பர்டன்: நிலக்கரிக்கு மேலே இருப்பதன் பெயர்

ஓவர்பர்டன்: பெயர்ச்சொல், சுரங்கத் துறை. நிலக்கரியையோ தாதுவையோ எடுக்க, அதற்கு மேலே கிடப்பதால் முதலில் அகற்றியாக வேண்டிய மண், களிமண், பாறை எல்லாமும். சுரங்கத்துக்காரர்கள் 'ஓ.பி.' என்று சுருக்கிவிடுவார்கள். சென்னையில் ஓ.பி. என்றால் பெரியாஸ்பத்திரியின் புறநோயாளிச் சீட்டு, இல்லையென்றால் வேலையைத் தட்டிக்கழிப்பது. எனவே சுரங்கம் பற்றிய தமிழ்க் கட்டுரையில் இந்தச் சுருக்கத்தைத் தவிர்ப்பதே நல்லது.

சொல்லின் பின்பகுதியான 'பர்டன்', தாங்குதல், சுமத்தல் என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த 'பாரம்' என்ற சொல்லும் அதற்குத் தூரத்து உறவுதான். இரண்டுக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றே. ஆக, சொல்லுக்குச் சொல் வைத்தால் 'மேற்பாரம்'. பாரம் யாருக்கு என்று கேட்டால்தான் சொல்லின் குணம் தெரியும். நிலக்கரியை எடுக்க வந்தவருக்கு மட்டுமே அது பாரம். மேலே நிற்கும் காட்டுக்கும், அங்கே ஊற்றெடுக்கும் ஓடைக்கும், கீழே குடியிருப்பவருக்கும் அதுவே தரை.

தமிழில் இதற்கு மூன்று வழக்குகள் கண்ணில் படுகின்றன. 'அதிகச் சுமை' என்பது லாரியின் ஓவர்லோடு. இங்கே பொருந்தவே பொருந்தாது. 'மேற்சுமை' நேர் மொழிபெயர்ப்பு. பிழை இல்லை, ஆனால் சுரங்க முதலாளியின் பார்வையையும் சேர்த்து இறக்குமதி செய்கிறது. மூன்றாவது 'மேல்மண்'. நெய்வேலிச் செய்திகளில் 'மேல்மண் நீக்கும் பணி' என்றே எழுதுகிறார்கள். கேட்க இயல்பாக இருந்தாலும் உண்மையில் சிக்கல் தருவது இந்தச் சொல்தான். உழவருக்கு மேல்மண் என்றால் பயிர் பிடிக்கும் அரையடி, ஓரடி வளமண். சுரங்கக் கணக்கிலோ அதற்குக் கீழே பல பத்து மீட்டர் ஆழத்துக்குப் போகும் களியும் மணற்பாறையும் சேர்ந்தே ஓவர்பர்டன். நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் இப்படித் தோண்டிக் கொட்ட வேண்டும். எடையில் அது ஏறத்தாழ பத்து டன். அத்தனையையும் 'மேல்மண்' என்று எழுதினால் ஏதோ வரப்பைச் செதுக்குவதுபோல ஆகிவிடுகிறது. வளமண்ணைத் தனியாக எடுத்து, தனியாகக் குவித்து, பிறகு மேலே பரப்ப வேண்டும் என்று அனுமதி நிபந்தனை சொல்லும்போது, எந்த மேல்மண் என்ற கேள்வியும் எழுகிறது.

இந்தச் சொல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரில் பார்க்கலாம். மேற்கு வர்ஜீனியாவிலும் கிழக்கு கென்டக்கியிலும் நிலக்கரி, மலைக்குள் கிடைமட்டமாக மெல்லிய அடுக்குகளாகப் படிந்திருக்கிறது. குடைந்து எடுப்பதைவிட உச்சியையே எடுத்துவிடுவது மலிவு என்று ஆனது. மலையுச்சித் தகர்ப்பு பிறந்தது. முதலில் மரங்களை வெட்டித் தள்ளுவார்கள். பாறையில் வரிசையாகத் துளையிட்டு, நூற்றுக்கு 94 பங்கு அமோனியம் நைட்ரேட்டும் 6 பங்கு டீசலும் கலந்த வெடிமருந்தை நிரப்பித் தகர்ப்பார்கள். (துளை வரிசைக்கும் பாறையின் திறந்த முகத்துக்கும் உள்ள இடைவெளிக்கும் வெடிவைப்பவர்களிடம் 'பர்டன்' என்றே பெயர், அதையும் சுமை என்று மொழிபெயர்த்தால் வாசகர் குழம்பிப்போவார்.) உடைந்த பாறையை ராட்சத டிராக்லைன் வாளிகள் அள்ளும். நிலக்கரி அடுக்கு வெளிப்பட்டதும் அதை எடுத்துவிட்டு, அடுத்த அடுக்குக்கு மீண்டும் துளை, மீண்டும் வெடி. இப்படி நூறு மீட்டருக்கு மேல் உயரம் இழந்த மலைகள் அங்கே உண்டு.

அள்ளியதைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். முடியாது. உடைந்த பாறைத் துண்டுகளுக்கு இடையே காற்று புகுந்துகொள்வதால் கன அளவு கூடிவிடும். பாறையைப் பொறுத்து 25 முதல் 40 விழுக்காடு வரை உப்பும். மலையில் ஆயிரம் கன மீட்டராக இருந்தது, தகர்த்தபின் ஆயிரத்து முந்நூறு. அழுத்தி நிரப்பினாலும் பழைய அளவுக்கு வராது. மிச்சம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டப்படுகிறது. அதற்கு 'பள்ளத்தாக்கு நிரப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கு காலியாக இருந்ததுபோல. அதன் அடியில் ஓடை இருக்கிறது. 1985 முதல் 2001 வரை மட்டும் அப்பலாச்சியாவில் 724 மைல், அதாவது சுமார் 1,165 கிலோமீட்டர் ஓடைகள் இப்படி மூடப்பட்டன என்பது அமெரிக்க அரசே கூட்டிய கணக்கு.

அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், தோண்டிய நிலத்தை ஏறத்தாழப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. ஆனால் தொழிற்கூடமோ குடியிருப்போ பண்ணையோ வரப்போகிறது என்று காட்டினால் மலையுச்சித் தகர்ப்புக்கு விலக்கு. 2002இல் அதைவிட நுட்பமான ஒரு மாற்றம் வந்தது. ஆற்றில், ஓடையில் கழிவைக் கொட்டுவது வேறு, நிலம் உயர்த்த நிரப்புப்பொருள் போடுவது வேறு என்று நீர்ச் சட்டத்தின் கீழ் இருந்த விதியைத் திருத்தி, நிரப்புப்பொருளுக்கு எடுத்துக்காட்டாகச் சுரங்க ஓவர்பர்டனையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். அதோடு அது கழிவு என்று வாதாடுவது கடினமாகிப்போனது. எதிர்த்தவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல. 2003இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்ற ஜூடி பாண்ட்ஸ், தலைமுறையாக நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த குடும்பத்தில் பிறந்தவர். ஓரிடத்தில் அரசும் பின்வாங்கியது: மேற்கு வர்ஜீனியாவின் ஸ்புரூஸ் எண் 1 சுரங்கம் ஆறு மைலுக்கு மேல் ஓடையை மூடுவதற்கான அனுமதியைச் சுற்றுச்சூழல் முகமை 2011 ஜனவரியில் தடுத்து நிறுத்தியது.

புதைந்த ஓடையோடு கேடு நின்றுவிடுவதில்லை. ஆழத்தில் காற்றுப் படாமல் இருந்த பாறை நொறுங்கும்போது புதிய முகங்கள் திறக்கின்றன. மழைநீர் அதில் புகுந்து சல்பேட்டு, கால்சியம், மக்னீசியம், செலினியம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு அடியிலிருந்து கசியும். அந்த மலையோடைகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வகுத்த மின்கடத்துதிறன் அளவுகோல், சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமன்ஸ். ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர் தம்ளரில் விட்டுக் காட்டும் டி.டி.எஸ். பேனாவில் அது ஏறக்குறைய 150 முதல் 200 காட்டும். நம்மூர் ஆழ்குழாய்க் கணக்கில் அது அருமையான தண்ணீர். அங்கேயோ, அந்த அளவைத் தாண்டினால் கற்களுக்கு அடியில் வாழும் பூச்சி இனங்களில் இருபதில் ஒன்றுக்கு மேல் அற்றுப்போகும் என்று கணக்கிட்டே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார்கள். குடிக்கலாமா என்பது ஒரு கேள்வி, ஓடை உயிரோடு இருக்குமா என்பது வேறு கேள்வி.

இந்தியாவில் பள்ளத்தாக்குக்குப் பதில் குன்றாகவே குவிப்பார்கள். எண்ணூரில் எரியும் நிலக்கரியில் பெரும்பங்கு ஒடிசாவின் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து பாரதீப் வரை ரயிலிலும் பிறகு கப்பலிலும் வருகிறது. அதன் மேலே கிடந்தது அங்கேயே குவிந்து கிடக்கிறது. குவியலின் மொத்தச் சரிவு 28 பாகையைத் தாண்டக்கூடாது, சுற்றிலும் மழைநீர் வாய்க்கால் வேண்டும், அடியில் தாங்குசுவர் வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். செங்குத்தாகக் குவித்தாலோ, தண்ணீர் வடியாமல் ஊறினாலோ குவியல் வழுக்கும். ஜார்க்கண்டின் லால்மட்டியாவில் 2016 டிசம்பர் 29 அன்று ஓவர்பர்டன் குவிந்திருந்த பகுதி சரிந்ததில் 23 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

எங்கள் பரிந்துரை இது. மலையில் அசையாமல் இருக்கும்வரை 'மேலடுக்கு'. இரண்டு நிலக்கரி அடுக்குகளுக்கு நடுவே இருப்பது 'இடையடுக்கு'. பெயர்த்துக் கொட்டியபின் 'அகழ்கழிவு'. ஒரே பொருளுக்கு இரண்டு பெயரா என்றால், ஆம், கன அளவும் வேதியியலும் மாறிவிட்டன. 'மேல்மண்' வளமண்ணுக்கு மட்டும். பள்ளத்தாக்கு நிரப்பை 'ஓடை மூடல்' என்று எழுதலாம்.

2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் திட்டச் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். குறைந்தது 30 நாள் அவகாசமும் உண்டு. தமிழ்ச் சுருக்கத்தில் 'மேல்மண்' அல்லது 'மேற்சுமை' என்று வரும் இடத்தில் நின்று, ஆங்கில மூலத்தை எடுத்து வைத்துப் பாருங்கள்: அந்தக் கன மீட்டர் தரையில் இருந்தபோது அளந்ததா, உடைத்தபின் அளந்ததா, வளமண் அதில் சேர்ந்திருக்கிறதா, எந்த ஆண்டு எவ்வளவு குழிக்குள் திரும்பப் போகிறது, எவ்வளவு வெளியே நிற்கப் போகிறது. கேள்வியை எழுதிக் கொடுக்கும்போது இப்படி எழுதலாம்: "மேலடுக்கு எத்தனை கன மீட்டர்? உப்பியபின் அகழ்கழிவு எத்தனை கன மீட்டர்? வித்தியாசம் எங்கே கொட்டப்படும், அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?"